பார்வையாளர் எண்ணிக்கை: பூஜ்யம்

ரதோமிரின் மேல்வரிசைப் பல்செட் பறந்துபோய் லைன்ஸ்மேனின் பிடரியில் விழுந்தபோது மைதானமே சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் லைன்ஸ்மேன். இன்னொருத்தி ரதோமிரின் மகள் துன்யா. அவள் மடியில் இருந்த மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் தொண்ணூற்றாறு டெசிபல். நோட்டில் குறித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். அதற்குள் அப்பா வாயைப் பொத்திக்கொண்டு வேலி ஓரமாகக் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

செர்பியாவின் வடக்குச் சமவெளியில் சுவி பிரெஸ்த் ஒரு சின்ன ஊர். அதன் கால்பந்து கிளப்புக்கு ஸ்லோகா என்று பெயர். ஒற்றுமை என்று அர்த்தம். ஒற்றுமையாக அவர்கள் செய்யும் ஒரே வேலை நடுவரைத் திட்டுவது. அதைத்தான் துன்யா இரண்டு வருடமாக அளந்துகொண்டிருந்தாள்.

கொரோனா சமயத்தில் பெரிய ஊர்களில் ஆளே இல்லாத மைதானங்களில் ஆட்டம் நடந்தது. அப்போது வெளியூர் அணிக்கு விழும் மஞ்சள் அட்டைகள் குறைந்துபோயின. விசிலை ஊதுவது நடுவரின் வாய்தான், ஆனால் ஊத வைப்பது கூட்டத்தின் வாய் என்று ஆராய்ச்சிக்காரர்கள் வரிசையாகக் கட்டுரை போட்டார்கள். துன்யா அத்தனையும் படித்தாள். படித்துவிட்டு அவளுக்கு வந்த கேள்வி ஒன்றுதான். அம்பதாயிரம் பேர் கத்தும் இடத்தில் அது சரி. நூறு பேர் மட்டும் கத்துகிற ஊரில், அதிலும் ஒவ்வொரு குரலும் யாருடையது, அவன் வீட்டு நாய்க்கு என்ன பெயர் என்பது வரை நடுவருக்குத் தெரிந்த ஊரில், என்ன நடக்கிறது? இதை யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்கிறவர்கள் யாரும் இந்த மாதிரி ஊரில் பிறக்கவில்லை, அதனால்.

பேராசிரியர் பிரானிமிருக்குக் கேள்வி பிடித்திருந்தது. எண்கள்தான் பிடிக்கவில்லை.

"இருபத்தேழு ஆட்டம், இருபத்தேழும் சத்தம்," என்றார். "சத்தமில்லாத ஆட்டம் எங்க, துன்யா? ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாம எப்படிச் சொல்றது, சத்தத்தாலதான்னு?"

"எங்க ஊர்ல சத்தமில்லாத ஆட்டம் கிடையாது சார்."

"அப்போ ஆய்வும் கிடையாது."

ஜூன் இருபதாம் தேதிக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். கொடுத்தால் உதவித்தொகை இன்னொரு வருடம் ஓடும். இல்லாவிட்டால் அவள் மறுபடியும் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடப் போகலாம். பட்டம் படித்த நாலு வருடமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் படித்தாள். அவள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் காலடி வைத்த முதல் ஆள் அவள். இரண்டாவது ஆள் அவளுடைய மாமா, அங்கே ஹீட்டர் பழுது பார்க்கப் போனவர்.

இந்த நிலைமையில்தான் பல்செட் பறந்தது.

ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் கடிதத்தை மிலுதின் எடுத்துக்கொண்டு வந்தார். கசாப்புக் கடைக்காரர், கிளப்பின் தலைவரும் அவரே. ரதோமிர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"'நாற்பத்தோராவது நிமிடத்தில், உள்ளூர் ரசிகர் பகுதியிலிருந்து, வெள்ளையும் இளஞ்சிவப்புமான கடினப் பொருள் ஒன்று லைன்ஸ்மேனை நோக்கி எறியப்பட்டது.' எறிஞ்சியாடா ரதோமிர்?"

"கத்துனேன். கத்துறப்ப கூடவே போயிருச்சு," என்றார் ரதோமிர். பல் இல்லாததால் வார்த்தைகள் ஈரமாக வந்தன. "எறியறதுக்கு அது என்ன வேலிக் கல்லா? ஆஸ்பத்திரிக்கு ஆறு தடவ நடந்து வாங்குனது."

"திருப்பிக் கேட்டியா?"

"சாட்சியமாம். கவர்ல போட்டு சீல் வச்சுட்டானுங்க. விசாரணை முடியட்டும்ங்கறான்."

"முடிஞ்சிருச்சு," என்று மிலுதின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "கடைசி ஆட்டத்துக்கு ஆள் வரக் கூடாது. கேட்டைப் பூட்டிட்டு ஆடணும். கால்வாய்க்கு அக்கரை ஊர்க்காரனுங்களோட. சமன் பண்ணாக்கூடப் போதும், லீக்ல இருப்போம். தோத்தா கீழ போறோம். அதுவும் நம்ம சத்தம் இல்லாம."

துன்யா சிரித்துவிட்டாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

"என்னடி சிரிப்பு?" என்றார் அப்பா.

"ஆளில்லாத ஆட்டம்ப்பா. ரெண்டு வருஷமா இதைத்தான் தேடிட்டிருந்தேன். நீ பல்லக் குடுத்து வாங்கித் தந்துட்ட."

"எனக்குப் பல்லு போயி உனக்குப் பட்டம் வருதாக்கும்."

"வந்தா உனக்கும் பெருமைதானே."

"மூணு வாரமா இந்த வீட்ல தினம் சூப்பு," என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "என் பெருமையை யார் கேட்டா."

அடுத்த வாரம் பல்செட் பதிவுத் தபாலில் திரும்பி வந்தது. கூடவே ஒரு கெட்ட சேதியும் வந்தது. மிலுதின் சட்டம் படித்துவிட்டார்.

"கேட்டுக்கு உள்ள வரக் கூடாதுன்னுதானே போட்டிருக்கான்?" கசாப்புக் கடையில் கூடியிருந்த கூட்டத்திடம் அவர் விளக்கிக்கொண்டிருந்தார். "கோல் கம்பத்துக்குப் பின்னாடி இருக்கே கால்வாய்க்கரை, அது யாரோடது? தண்ணி இலாகாவோடது. அங்க டிராக்டர் நிறுத்துனா லீக்குக்கு என்ன வந்துச்சு? நாலு டிரெய்லர் கொண்டுவர்றோம். மேல பீர் பெட்டி அடுக்குறோம். ஜம்முனு உக்காந்து கத்துறோம்."

துன்யா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "யாரும் வரக் கூடாது."

"ஏம்மா?"

"வந்தா என் ஆய்வு போச்சு. அவ்வளவுதான். வந்தே ஆகணும்னா வாயை மூடிட்டு வாங்க. கத்தக் கூடாது, கை தட்டக் கூடாது, விசிலடிக்கக் கூடாது. நடுவரோட அம்மாவைப் பத்திப் பேசக் கூடாது."

"அம்மாவைப் பத்திக்கூடவா?" என்று பின்னாலிருந்து யாரோ நிஜமான வருத்தத்தோடு கேட்டார்.

மிலுதின் கத்தியைக் கீழே வைத்தார். "இரும்மா. போன மாசம் நீதான் சொன்ன, நாம கத்துனா வெளியூர்க்காரனுக்கு அட்டை விழுதுன்னு. படம் போட்டுக் காட்டுன. கோடு மேல ஏறிச்சு. இப்ப நீயே கத்தாதேங்கற. நாங்க தோக்கணுமா உனக்கு?"

துன்யாவுக்குப் பொய் சொல்ல வராது. பல்கலைக்கழகத்தில் இதற்காகவே அவளுக்கு நண்பர்கள் குறைவு.

"தோத்தாலும் எனக்குப் பரவாயில்ல."

ஈ பறக்கிற சத்தம் கேட்டது. கசாப்புக் கடையில் அது நிறையவே கேட்கும். கடைசியில் மிலுதின், மூலையில் நின்றிருந்த ரதோமிரைப் பார்த்தார். "உன் பொண்ணு, உன் பல்லு. நீ கத்துனா நாங்க கத்துவோம். நீ மூடுனா நாங்க மூடுறோம். முடிவு உன்னுது."

ரதோமிரும் அவளும் வீட்டுக்கு நடந்தார்கள்.

"உன் புஸ்தகத்துல எங்களப் பத்தி என்ன எழுதிருக்க?" என்று தெருவே திரும்பிப் பார்க்கும் குரலில் கேட்டார் ரதோமிர்.

"ரெண்டாவது அத்தியாயத்துல ஒரு வரி இருக்கு. 'உழைக்கும் வர்க்க ஆண்கள் தமது இயலாமையை நடுவர்மீது இறக்கி வைக்கின்றனர்.'"

"இயலாமைன்னா?"

"கையாலாகாத்தனம்."

ரதோமிர் நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

"அது வேற யாராவது இருக்கும்மா. நான் கத்துறது எனக்குக் கேக்கணும்னு. முப்பது வருஷம் தகடு அடிக்கிற பிரஸ்ஸுக்குப் பக்கத்துல நின்னேன். மெதுவாப் பேசுனா, நான் பேசுனேனா இல்லையான்னே எனக்குத் தெரியாது."

துன்யாவுக்கு முகம் சுட்டது. இந்த வீட்டில் இருபத்தாறு வருடம் வளர்ந்திருக்கிறாள். டிவி எவ்வளவு சத்தமாக ஓடும் என்று தெரியும். அப்பாவிடம் ரகசியம் சொல்ல முடியாது என்று தெரியும். ஆனாலும் அந்த வரியை எழுதினாள், பேராசிரியர் சொன்னது, கேட்பதற்குப் படிப்பாளி மாதிரி இருந்தது என்பதற்காக. நூறு பேரின் கத்தலை அளந்தவள் ஒரு ஆளின் காதைப் பற்றிக் கேட்கவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்த வரியை அழித்தாள். அழித்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை, காலியாக விட்டாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. தெருவில் ரதோமிர் தாடையைத் தேய்த்துக்கொண்டு கேட்டார், "தொண்ணூறு நிமிஷம்தானே?"

"கூடுதல் நேரம் வேற இருக்கு."

"அதுலயாவது கத்தலாமா?"

"கூடாது."

"சரி," என்றார், ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடுகிறவர் மாதிரி.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு கேட்டைப் பூட்டினார்கள். அணிகளும் நடுவர்களும் போக இன்னும் நாலு பேர் உள்ளே இருக்கலாம் என்பது விதி. துன்யா தண்ணீர் பாட்டில் பொறுப்பாளர் என்று பட்டியலில் பெயர் கொடுத்து உள்ளே வந்திருந்தாள். கால்வாய்க்கரையில் நாலு டிரெய்லர் நின்றது. எண்ணினாள். அறுபத்தொரு பேர். எல்லோர் கையிலும் சூரியகாந்தி விதைப் பொட்டலம். அப்பா முதல் டிரெய்லரில் நடுவில் உட்கார்ந்து, வாய் கொள்ளாமல் விதையை அடைத்துக்கொண்டிருந்தார். மீட்டர் நாற்பத்தெட்டு காட்டியது. அதுவும் விதை உடைக்கிற சத்தம்.

நடுவர் வுகாஷின் மைதானத்தின் நடுவில் வந்து நின்றார். வாரநாளில் தபால்காரர், வார இறுதியில் நடுவர். பன்னிரண்டு வருடமாக இந்த மைதானத்தில் விசில் ஊதுகிறவர். டிரெய்லர்களைப் பார்த்தார், லைன்ஸ்மேனைப் பார்த்தார், திரும்ப டிரெய்லர்களைப் பார்த்தார். அவர் கை தானாகவே தன் பிடரிக்குப் போய்த் திரும்பியது. பிறகு விசில் ஊதினார்.

முதல் பாதியில் துன்யா வானத்தில் மிதந்தாள். ஸ்லோகாவுக்கு மூன்று மஞ்சள் அட்டை. அக்கரை ஊருக்கு ஒன்றுகூட இல்லை. வழக்கமாக இது அப்படியே தலைகீழாக இருக்கும். இப்படி ஒரு அழகான எண்ணை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. முப்பத்தெட்டாவது நிமிடத்தில் அக்கரை ஊர் ஒரு கோலும் போட்டது, அதற்கும் அவள் வருத்தப்பட மறந்துவிட்டாள். மூன்றாவது அட்டையை வாங்கிய கேப்டன் தண்ணீர் குடிக்க வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தான்.

"நீ எந்த ஊருடி?" என்றான்.

"தண்ணி வேணுமா வேணாமா?"

டிரெய்லர்களில் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. ஒருவர் தொப்பியைக் கடித்துக்கொண்டிருந்தார். மிலுதின் பெரிய கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார், தட்டிவிடக் கூடாதாம். ரதோமிர் பீட்ரூட் நிறத்துக்கு வந்திருந்தார். ஆனால் ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. அம்பத்திரண்டு, நாற்பத்தொன்பது, அம்பது. விசிலை விட்டுவிட்டால், அந்த ஆட்டம் முழுவதிலும் மீட்டர் எழுபதைத் தாண்டியது ஒரே ஒரு முறை, அக்கரை ஊர்ப் பயிற்சியாளர் தன் சொந்த கோல்கீப்பரைத் திட்டியபோது.

இரண்டாம் பாதியில் வுகாஷினுக்கு ஏதோ ஆயிற்று. விசில் ஊதிவிட்டு உடனே டிரெய்லர் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒரு தடவை ஊத வாயில் வைத்து, ஊதாமல் எடுத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அக்கரை ஊருக்கு அடுத்தடுத்து இரண்டு அட்டை கொடுத்தார், ஒன்று த்ரோ போட நேரம் எடுத்துக்கொண்டதற்கு. துன்யாவின் அழகான எண் கண் முன்னாலேயே கரைய ஆரம்பித்தது.

எண்பத்தேழாவது நிமிடம். பெனால்டி கட்டத்துக்குள் ஸ்லோகா கேப்டன் விழுந்தான். காலை இடறினார்களா, அவனாக விழுந்தானா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அறுபத்தொரு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். டிரெய்லர்கள் கிறீச்சிட்டன. ரதோமிர் வாயைத் திறந்தார். விதைத் தோல்கள் சட்டையில் கொட்டின. கழுத்து நரம்பு புடைத்தது. கண்கள் பிதுங்கின. ஆனால் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. திறந்த வாயோடு அப்படியே நின்றார், ஒரு கை மட்டும் மேல்வரிசைப் பல்லைப் பிடித்திருந்தது.

துன்யா மீட்டரைப் பார்த்தாள். அம்பத்தொன்று.

வுகாஷின் ரதோமிரைப் பார்த்தார். மூன்று விநாடி பார்த்தார். பிறகு விசிலை ஊதி, பெனால்டி புள்ளியைக் கைகாட்டினார்.

கேப்டனே அடித்தான். உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று. ஸ்லோகா லீக்கில் இருக்கிறது.

டிரெய்லர்களில் அறுபத்தொரு பேர் சத்தமே போடாமல் ஆடினார்கள். கட்டிப்பிடித்தார்கள், முதுகில் குத்தினார்கள், வாய் மட்டும் மீன் மாதிரித் திறந்து மூடியது. மிலுதின் பீர் பெட்டியோடு கரையில் உருண்டு விழுந்தார், விழும்போதும் விரலை உதட்டில் வைத்துக்கொண்டே விழுந்தார். துன்யாவுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இந்த முட்டாள் ஜனங்கள் அவளுக்காக வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார்கள். காப்பாற்றியே அவள் ஆய்வைக் கெடுத்திருக்கிறார்கள்.

ஆட்டம் முடிந்ததும் கிளப் அறையில் வழக்கம்போல பீன்ஸ் குழம்பு. எந்த அணி ஜெயித்தாலும், நடுவரை என்ன திட்டியிருந்தாலும், அவருக்குத்தான் முதல் கிண்ணம். துன்யா அவர் எதிரில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தாள். இருபத்தேழு ஆட்டமும் கேட்ட அதே கேள்வி.

"இன்னைக்கு எந்த முடிவு எடுக்கக் கஷ்டமா இருந்துச்சு?"

"பெனால்டி," என்றார் வுகாஷின், ரொட்டியைக் குழம்பில் முக்கியபடி.

"அது பெனால்டிதானா?"

"தெரியாதும்மா."

"தெரியாம ஏன் குடுத்தீங்க?"

அவர் ரொட்டியை மென்று முடித்தார். "உங்கப்பா வாயத் திறந்தாரு. சத்தம் வரல. ஆனா எனக்குக் கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"எல்லாமே. பன்னெண்டு வருஷமா கேக்குறேன், எந்த எடத்துல என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாதா? மொதல் அரை மணி நேரம் சொர்க்கமா இருந்துச்சு. இப்படி ஒரு ஊரான்னு நெனச்சேன். அப்புறம் பயம் வந்துருச்சு. சத்தம் போட்டாங்கன்னா, அது தப்பு, இது பொய்னு நான் மனசுக்குள்ள பதில் சொல்லிக்குவேன். இன்னைக்குப் பதில் சொல்ல ஆளில்ல. அதனால நானே என்னைத் திட்ட ஆரம்பிச்சேன். உங்கப்பா குரல்ல. எங்கம்மாவைக்கூட விட்டு வைக்கல."

துன்யா கருவி ஓடுகிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள்.

ஜூன் பத்தொன்பதாம் தேதி அவள் பேராசிரியர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிரானிமிர் முதல் பாதி எண்களைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"அற்புதம். படிவத்துல பார்வையாளர் எண்ணிக்கை பூஜ்யம்னு போடுங்க. இரண்டாம் பாதியை அடிக்குறிப்புல தள்ளிடலாம்."

"அறுபத்தொரு பேர் இருந்தாங்க சார்."

"லீக் பதிவுல?"

"லீக் பதிவுல பூஜ்யம்."

"அப்போ பூஜ்யம்."

"பொய் சார் அது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அந்தச் சைகை அவளுக்குத் தெரியும். கிராமத்திலிருந்து வந்த பெண்ணுக்கு எளிமையாக விளக்கப்போகிறார். "துன்யா, பூஜ்யம் இல்லேன்னா உங்ககிட்ட சத்தமில்லாத ஆட்டமே இல்ல. நாளைக்கு உங்க உதவித்தொகை முடியுது. புரியுதா?"

"புரியுது. எங்க ஊர்ல ஆளில்லாத ஆட்டமே கிடையாது. அதான் என் முடிவு. ரெண்டாவது அத்தியாயத்துல நீங்க சொன்ன வரியையும் எடுத்துட்டேன். அது தப்பு. எங்கப்பாவுக்குக் காது கேக்காது, அதான் கத்துறாரு." கருவியை மேசையில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். சூப்பர் மார்க்கெட் நாற்காலி கண்ணுக்குத் தெரிந்தது, இடது பக்கம் கிழிந்த அதே நாற்காலி.

பிரானிமிர் முழுவதும் கேட்டார். நடுவரின் அம்மா வந்த இடத்தில் சிரித்தார். பிறகு சிரிக்காமல் இன்னொரு முறை கேட்டார்.

"இதை யாரும் எழுதல," என்றார் மெதுவாக. "வாயை மூடுன பிறகும் கூட்டம் நடுவர் தலைக்குள்ளயே உக்காந்திருக்கு. பெரிய மைதானத்துல இது தெரியாது. அங்க யார் குரலும் யாருக்கும் தெரியாது." பேனாவை எடுத்தார். "ஆனா ஒரு ஆட்டம், ஒரு நடுவர். இதை வச்சு யாரும் நம்ப மாட்டாங்க. ஒரு வருஷம் நீட்டிக்கச் சொல்லி எழுதுறேன். அடுத்த சீசன்ல இதே மாதிரிப் பத்து ஆட்டம் கொண்டுவாங்க."

"பத்தா?"

"வாயை மூடிக்கிட்டு. எப்படின்னு எனக்குத் தெரியாது. அது உங்க வேலை."

இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்தாள். அம்மா வறுத்த பன்றி இறைச்சி வைத்திருந்தாள், பல் திரும்பி வந்ததிலிருந்து வீட்டில் சூப்பு கிடையாது. துன்யா நடந்ததைச் சொன்னாள். அப்பாவின் வலது காதுப் பக்கம் உட்கார்ந்து சொன்னாள், அந்தக் காது கொஞ்சம் பரவாயில்லை.

"பத்து ஆட்டமா," என்றார் ரதோமிர். "நானா வாயை மூடுறது இனிமே நடக்காது. அந்த ஒரு நாள்ல மூணு கிலோ எறங்கிட்டேன். மிலுதின்கிட்ட கேளு, அவனுக்கு இன்னும் இடுப்பு நிமிரல."

"தெரியும்ப்பா. கேட்கல. சும்மா சொன்னேன்."

"தடை போட்டா மட்டும் வேற வழியில்லாம மூடிக்கிட்டு இருப்பாங்க. பல்லு ஒரு தடவை பறந்தா ஒரு ஆட்டம் தடை." அவர் விரல் விட்டு எண்ணினார். எண்ணிவிட்டு, இறைச்சித் தட்டைக் கொஞ்சம் தள்ளினார். வாய்க்குள் கைவிட்டு மேல்வரிசையைக் கழற்றி, ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

அம்மா எழுந்துபோய் சூப்புப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள்.

"எந்த லைன்ஸ்மேன்னு மட்டும் சொல்லு," என்றார் ரதோமிர், ஈரமாக.